கங்காரு வாலும் டெல்லிக் கடிதமும்

சென்னை சர்தார் படேல் சாலையில் போகும்போது மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். 1950களின் தொடக்கத்தில் முதல் இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஒரு விசித்திரமான பொருள் கைமாறியது. கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாண்! கிண்டியில் கங்காருவுக்கு என்ன வேலை? அதைக் கேட்டு வாங்கியவர் விலங்கியல்காரர்கூட இல்லை. இயற்பியல் துறைத் தலைவர்.

இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, நம் பல்கலைக்கழகங்களில் எந்தெந்தத் துறை உலகத்தோடு தோள் தட்டி நிற்கிறது என்று டெல்லி தேடத் தொடங்கியபோது, அந்தப் பட்டியலில் இந்தக் கங்காரு வால் ஆய்வுக்கூடமும் இடம்பிடித்தது. ‘உயர் ஆய்வு மையம்’ என்று அறிவிப்புப் பலகையில் இருக்கும்; தாழ்வாரத்தில் எல்லோரும் சொல்வது ‘சி.ஏ.எஸ்.’ பலகையை வாசலோடு நின்று படித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். நாம் உள்ளே போவோம், வாருங்கள். இருட்டறை வரைக்கும் போகலாம்!

முதலில் கொஞ்சம் டெல்லி. 1963ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு இந்த உயர் ஆய்வு மையத் திட்டத்தைத் தொடங்கியபோது குழுவின் தலைவர் டி.எஸ். கோத்தாரி. அவரே ஓர் இயற்பியலாளர், மேக்நாத் சாஹாவிடம் படித்தவர், வெள்ளைக் குள்ள விண்மீன்களைப் பற்றி ஆராய்ந்தவர். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி பழுதானால் ஆறு மாதம் என்ன ஆகும் என்று தெரிந்த மனிதரின் கையில் பண முடிச்சு இருந்த காலம் அது. நாடு பூராவும் இருக்கும் துறைகளுக்கு இருக்கிற பணத்தைச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பீரோவும் இரண்டு மேசையும்தான் தேறும். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே சூடு பிடித்து ஓடிக்கொண்டிருக்கிற சில துறைகளை மட்டும் பொறுக்கியெடுத்து, ‘நீங்கள் செய்வதையே இன்னும் பெரிதாகச் செய்யுங்கள்’ என்று சொல்வது திட்டம். அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல். விடுபட்ட துறைகள் சும்மா இருக்குமா? முணுமுணுப்பு எழத்தான் செய்யும். ஆனால் பொறுக்கியெடுத்த கண் நல்ல கண் என்பதற்கு ஒரே ஒரு சாட்சி சொல்கிறேன். அப்படிப் பெயர் பெற்ற துறைகளில் ஒன்று, பஞ்சானன் மகேஷ்வரி வளர்த்த டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறை. 1964இல் அங்கே சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஷ்வரியும் ஊமத்தம்பூவின் மகரந்தப்பையைச் சோதனைக் குழாயில் வளர்த்து, அதிலிருந்து கருக்கள் முளைப்பதைக் கண்டார்கள். மகரந்தத்திலிருந்து செடி! வேலியோரத்து ஊமத்தை உலகத் தாவரவியலின் பாடப்புத்தகத்துக்குள் போனது அப்படித்தான்.

சரி, கிண்டிக்குத் திரும்புவோம். என் மனசு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தை 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், துணைவேந்தராக இருந்து நடத்தியவர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவர். இயற்பியலுக்குப் புதிதாக ஒரு துறை தொடங்க வேண்டும் என்று அவர் முதலில் நினைத்தது சர் சி.வி. ராமனை. ராமன் வரவில்லை, தன் மாணவர் ஒருவரைக் கைகாட்டினார். அவர்தான் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனிடம் ஆய்வு செய்து, கேம்பிரிட்ஜ் போய் வந்தவர். 1952இல் சென்னைக்கு வந்து பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான்! முப்பது வயதுக்காரரை நம்பி ஒரு துறையையே ஒப்படைத்த அந்தத் துணைவேந்தரை நினைத்தால் எனக்கு இன்றும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

வந்த புதிதில் எக்ஸ்ரே கருவியை நிறுவி, படிகங்களை ஆராயத் தொடங்கினார். ஆனால் எதை ஆராய்வது? அந்தச் சமயம் ஜே.டி. பெர்னல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி சென்னை வந்தார். கொலாஜன் என்ற புரதத்துக்கு ஆளுக்கொரு வடிவம் சொல்லிக்கொண்டிருந்தாலும் எதுவும் திருப்தியாக இல்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது கொலாஜன்தான். உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதமும் அதுவே. ராமச்சந்திரன் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

இப்போது கங்காரு வாலுக்கு விளக்கம் கிடைத்துவிட்டதா? தோல் என்றால் கொலாஜன். தோலை ஆராயும் நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. கங்காரு வாலின் தசைநாண் நீளமாக, இழை இழையாக, ஒழுங்காக இருக்கும். எக்ஸ்ரே படத்துக்கு அதைவிட நல்ல பொருள் கிடைப்பது கஷ்டம். இரண்டு நிறுவனங்கள் ஒரே சாலையில் இருந்ததும், அங்கே இருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதும் இந்தக் கண்டுபிடிப்பின் பாதி. எந்த மானியக் குழுவும் இதற்குத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்க முடியாது, பாருங்கள்!

இருட்டறைக்கு வந்துவிட்டோம். இழையை இழுத்துப் பிடித்துக் கருவியின் முன் பொருத்த வேண்டும். எக்ஸ்ரே அதன் ஊடே போய்ச் சிதறி, பின்னால் இருக்கும் பிலிமில் விழும். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு சிவப்பு விளக்கில் பிலிமைக் கழுவினால் கிடைப்பது என்ன? சில புள்ளிகள், சில மங்கலான வளைவுகள். அவ்வளவுதான்! அதை வைத்துக்கொண்டு அணுக்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று ஊகிக்க வேண்டும். கையில் இருந்த இன்னொரு துப்பு வேதியியல். கொலாஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே ஆகச் சிறியது அது. ராமச்சந்திரனும் அவரோடு இருந்த கோபிநாத் கர்த்தாவும் குச்சியும் உருண்டையுமாக மாதிரிகளைக் கட்டிக் கட்டிப் பார்த்தார்கள். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. உள்பக்கம் இடமே இல்லை. அந்த நெருக்கடியில் நுழையக்கூடியது சின்னஞ்சிறு கிளைசின் மட்டும்தான். அதனால்தான் மூன்றாவது இடம்தோறும் அது வந்து நிற்கிறது! 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் அந்தக் கட்டுரை வந்தது. துறை தொடங்கி இரண்டே ஆண்டு!

அதோடு நின்றார்களா? புதிய விவரங்களை வைத்துப் பார்த்தபோது முதல் மாதிரி முழுக்கப் பொருந்தவில்லை. ராமச்சந்திரனுக்கு வழி காட்டியது நிலா. பூமியைச் சுற்றிக்கொண்டே தன்னையும் சுற்றுவதால் நிலா எப்போதும் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது அல்லவா? அதேபோலச் சங்கிலி ஒவ்வொன்றும் தானும் முறுக்கிக்கொண்டு, மூன்றுமாகச் சேர்ந்தும் முறுக்கிக்கொண்டால், கிளைசின் எப்போதும் உள்பக்கமே பார்த்து நிற்கும். முறுக்குக்குள் முறுக்கு! 1955இல் அடுத்த ‘நேச்சர்’ கட்டுரை.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் வருகிறது. டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மூன்று சங்கிலி சரிதான், ஆனால் உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். ராமச்சந்திரன் அந்தக் கேள்வியையே கையில் எடுத்துக்கொண்டார். அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்? அதற்கு எல்லை எங்கே? வி. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் சேர்ந்துகொண்டார்கள். அதுவரை உலகில் வெளிவந்த சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளையெல்லாம் தேடி, எந்த அணு எந்த அணுவிடம் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று அட்டவணை போட்டார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடத்தில்தான் தாராளமாகத் திரும்ப முடியும். அந்த இரண்டு கோணங்களுக்கும் ஃபை, சை என்று பெயர். நெரிசலான பஸ்ஸில் முழங்கையை எந்தப் பக்கமும் திருப்பிவிட முடியாதல்லவா, அதுபோல, பெரும்பாலான கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இடிக்காத கோணங்களை மட்டும் ஒரு சதுரத்தில் குறித்தால் சில தீவுகள் மட்டும் மிஞ்சும். இன்றைய கம்ப்யூட்டர் வசதி எதுவும் இல்லாமல் போட்ட கணக்கு இது! 1963இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு உலகம் வைத்த பெயர் ‘ராமச்சந்திரன் வரைபடம்’.

அதன் வீச்சைச் சொல்லாமல் விட முடியாது. உலகத்தில் யார் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் புரதத் தரவு வங்கியில் பதிவு செய்வார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றோடும் ஒரு சரிபார்ப்பு அறிக்கை வரும். அதில் கட்டாயம் இருக்கும் ஒரு வரி, இந்த அமைப்பில் எத்தனை இடங்கள் ராமச்சந்திரன் எல்லையைத் தாண்டி வெளியே நிற்கின்றன என்பது. கொரோனா வைரஸின் முள் புரதமும் அந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. கிண்டியில் போட்ட கோடு அது!

ஆக, 1960களில் மானியக் குழு இந்தத் துறையைப் படிகவியல், உயிர்இயற்பியல் உயர் ஆய்வு மையமாக ஏற்றுக்கொண்டபோது அங்கே புதிதாக எதையும் உருவாக்க வேண்டியிருக்கவில்லை. நடந்துகொண்டிருந்ததற்கு முத்திரை கிடைத்தது. முத்திரையோடு கருவி, ஆய்வு உதவித்தொகை, வெளிநாட்டுப் பேராசிரியர்களை அழைக்கும் வசதி எல்லாம் சேர்ந்து வந்தன. 1963 ஜனவரியில் புரத அமைப்பைப் பற்றி ஓர் உலகக் கருத்தரங்கு சென்னையில் நடந்தது. 1967 ஜனவரியில் இன்னொன்று. புரத ஆராய்ச்சியில் பெயர் போனவர்கள் மார்கழிக் குளிர் தணியாத சென்னையில் வந்து இறங்கினார்கள்! 1970இல் ராமச்சந்திரன் சென்னையை விட்டுப் போனார். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் பிரிவை உருவாக்கினார். ஆனாலும் கிண்டி மையம் மூடிவிடவில்லை. ஒருவர் போனதும் விளக்கணைந்து போகாமல் இருப்பதற்குத்தான் அங்கீகாரம் துறைக்குத் தரப்பட்டது, ஆளுக்கு அல்ல. அந்த ஏற்பாட்டின் அருமை அந்த ஆண்டுகளில்தான் தெரிந்தது என்பேன்.

சேப்பாக்கம் பக்கம் ஒரு எட்டு. கணிதத்துக்கு அங்கே இருக்கும் ராமானுஜன் உயர் ஆய்வு நிறுவனத்தின் கதை கிட்டத்தட்டத் திரைப்படம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1950இல் தன் பணத்தில் தொடங்கிய நிறுவனம். முதல் இயக்குநர் டி. விஜயராகவன் 1955இல் மறைந்தார், சி.டி. ராஜகோபால் பொறுப்பேற்றார். 1957இல் செட்டியாரும் மறைய, சம்பளம் கொடுக்கவே வழியில்லாமல் இழுத்து மூடும் நிலை. அப்போது சிகாகோவிலிருந்த வானியல் மேதை எஸ். சந்திரசேகர் நேராகப் பிரதமர் நேருவிடமே முறையிட்டார்! சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. 1967இல் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையும் அதுவும் ஒன்றாகி உயர் ஆய்வு மையமாயின. தத்துவத்துக்கு டி.எம்.பி. மகாதேவன், தாவரவியலுக்கு டி.எஸ். சதாசிவன் என்று அதே பல்கலைக்கழகத்தில் இன்னும் மையங்கள். பருத்திச் செடி ஏன் வாடுகிறது என்று மண்ணுக்குள் தேடியவர் சதாசிவன். நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி டி.வி. தேசிகாச்சாரி 1959இல் எழுதிய பெரும் புத்தகம் உலகெங்கும் பாசி ஆய்வாளர்களின் மேசையில் இருந்தது. ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது.

பரங்கிப்பேட்டையைத் தாண்டிப் போக மட்டும் எனக்கு மனம் வராது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் அங்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது. விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி. சேஷையா விதை போட்ட இடம். நகரத்துப் பல்கலைக்கழகங்கள் கடலைப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்து படிக்கும். இங்கே வாசலைத் தாண்டினால் ஆறு, ஆற்றைத் தாண்டினால் கடல், கொஞ்சம் தள்ளிப் பிச்சாவரம் அலையாத்திக் காடு. நன்னீரும் உப்புநீரும் ஏறி இறங்கும் முகத்துவாரத்தில் தண்ணீரின் உப்பு அளவு வேளைக்கு வேளை மாறும், பருவத்துக்குப் பருவம் மாறும். அதோடு சேர்ந்து மிதவை உயிரிகள் மாறும், இறால் குஞ்சு மாறும். இதை ஆண்டுக்கணக்கில் விடாமல் அளந்து எழுதிவைப்பதுதான் வேலை. அதற்குப் படகு வேண்டும், வலை வேண்டும், எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் நீர் இழுக்கும் என்று தெரிந்த உள்ளூர்ப் படகோட்டி வேண்டும். ஆய்வேட்டில் நன்றி சொல்லும் பக்கத்தைத் தவறாமல் படியுங்கள். அங்கேதான் அந்தப் படகோட்டியின் பெயர் இருக்கும்.

பெயர் வாங்குவது ஒரு பக்கம் என்றால், கமிட்டி வருகிற நாள் இன்னொரு பக்கம். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர்களிடம் ‘கமிட்டி வருது’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்! மானியக் குழுவின் சிறப்பு உதவித் திட்டத்தில் மூன்று படிகள் இருந்தன. கீழே டி.ஆர்.எஸ்., நடுவில் டி.எஸ்.ஏ., உச்சியில் சி.ஏ.எஸ். ஒவ்வொரு படியும் ஐந்தாண்டு. ஐந்தாண்டு முடிவில் வெளியூர் நிபுணர்கள் வந்து உட்கார்ந்து, மேலே ஏற்றலாமா, அங்கேயே நிறுத்தலாமா, போதும் என்று சொல்லிவிடலாமா என்று பார்ப்பார்கள். முந்தின ராத்திரி துறையில் யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். கோஆர்டினேட்டர் கடைசி ஸ்லைடை இருபதாவது தடவை மாற்றிக்கொண்டிருப்பார். டெபுடி கோஆர்டினேட்டர் யூட்டிலைசேஷன் சர்டிபிகேட்டில் ஒரு கையெழுத்து விடுபட்டதைக் கண்டுபிடித்து அலறுவார். ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கும் தராசு அலமாரியில் இல்லை. ஆளாளுக்குத் தேட, பக்கத்து லேபில் யாரோ இரவல் வாங்கிய இடத்தில் அது சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். ரிசர்ச் ஸ்காலர்கள் போஸ்டர் ஒட்டுவார்கள், பிரித்து மறுபடி நேராக ஒட்டுவார்கள். காலையில் வராந்தாவில் பினாயில் வாசனை, பூங்கொத்து, எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில்!

ஆனால் தேர்ந்த நிபுணர்கள் ஸ்லைடை ரொம்ப நேரம் பார்க்கமாட்டார்கள். அவர்கள் கண் போகும் இடமே வேறு. பெரிய விலை கொடுத்து வாங்கிய கருவியின் லாக் புக்கைப் புரட்டுவார்கள். அதில் தினமும் வேறு வேறு கையெழுத்து இருந்தால் முகம் மலரும். வேறு துறை மாணவர்களின் பெயரும் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு ஆசிரியர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஆய்வு மாணவர்களோடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். உதவித்தொகை மாதாமாதம் கையில் வருகிறதா? நூலகம் எத்தனை மணிவரை? ரசாயனம் தீர்ந்தால் எத்தனை நாளில் வரும்? ராத்திரி எட்டு மணிக்கு லேப் சாவி யாரிடம் இருக்கும்? அந்தக் கடைசிக் கேள்விக்கு ‘எங்ககிட்டயே இருக்கும் சார்’ என்று மாணவர்கள் ஒரே குரலில் சொல்கிற துறை பாதிக் கிணறு தாண்டிவிட்டது என்று நான் நினைக்கிறேன். உயர்தரம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, ராத்திரி எட்டு மணிக்கு அந்தச் சாவி கிடைப்பதில்தான் இருக்கிறது. கண்டுபிடிப்பு எதுவும் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை.

கதவுக்கு வெளியே பேராசிரியர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இவர்கள்தான் நேற்றுவரை வைவாவில் மாணவர்களை வியர்க்க வைத்தவர்கள். இப்போது வராந்தாவில் முன்னும் பின்னுமாக நடக்கிறார்கள். பதிவாளர் அலுவலகத்துக்கு வேறு ஒரு பதற்றம். மானியக் குழு புதிய பணியிடங்களைக் கொடுத்தால், ஐந்தாண்டுக்குப் பிறகு அந்தச் சம்பளத்தைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதாக மாநிலத் தரப்பு எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒப்புதல் கடிதம் கோட்டையிலிருந்து நேரத்துக்கு வராததால் கைக்கு எட்டிய பணியிடம் வாய்க்கு எட்டாமல் போவதுண்டு. இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. கருவி வந்துவிடும், அதை இயக்கும் ஆள் வரமாட்டார் என்றால் ஐந்தாண்டில் ஓர் ஆண்டு உறைகூடப் பிரிக்காமல் போய்விடும்.

பிறகு ஒரு நாள் டெல்லிக் கடிதம் வரும். ரெக்கரிங் இவ்வளவு, நான்-ரெக்கரிங் இவ்வளவு என்று இரண்டு தொகை. அடுத்த ஐந்து நிமிடத்துக்கு ஸ்வீட் பாக்ஸ், கைகுலுக்கல், போட்டோ. ஆறாவது நிமிடம் சண்டை ஆரம்பம்! ஒருவருக்கு முதலில் சென்ட்ரிஃப்யூஜ் வேண்டும். இன்னொருவர் ஃப்ரீசர் இல்லாமல் எதையும் தொடமாட்டேன் என்பார். கணக்குப் போடுகிறவர்களுக்கு சர்வர். களப்பணிக்காரர்களுக்கு ஜீப் வாடகை. இளைய உதவிப் பேராசிரியர் கருத்தரங்குக்கான விருந்தினர் பட்டியலை ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருப்பார். முப்பது வருஷமாக அந்த லேபைத் திறந்து மூடும் அட்டெண்டர் மட்டும் கதவோரமாக நின்றபடி, ‘முதல்ல ஏ.சி.யைப் போடுங்க சார், மே மாசம் எந்த மிஷினும் தாங்காது’ என்பார். பெரும்பாலும் முதல் பர்ச்சேஸ் ஆர்டர் அதற்குத்தான் போகும்.